கதாநாயகன் என்ன வேலை செய்கிறான்?

"பழைய தமிழ்ப் படங்களில் இருந்த உயிர் இப்போது இல்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கோ பழைய படத்தைப் பத்து நிமிடம் பார்க்கவும் பொறுமை இல்லை. யார் பக்கம் நியாயம்? உங்களுக்குப் பிடித்தவை எவை, பிடிக்காதவை எவை? ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்." கேள்வி இதுதான். ஒளிவுமறைவில்லாமலே சொல்கிறேன். சிலருக்கு மனம் வருந்தலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழையது, புதியது என்ற கணக்கு எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. படம் பார்க்க உட்கார்ந்தால் எனக்குள் முதலில் எழும் கேள்வி வேறு. இந்த மனிதன் பிழைப்புக்கு என்ன செய்கிறான்? அந்த வேலையை என் கண்முன் செய்து காட்டுகிறானா, இல்லை வசனத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறதா? வேலையைக் காட்டிய படங்கள் எனக்குள் தங்கியிருக்கின்றன. மற்றவை எவ்வளவு ஓடியிருந்தாலும் திரையரங்கின் வாசலோடு போய்விட்டன. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இது எனக்கே பிடிபட்டது.

1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் எங்கள் தெரு நாகஸ்வர வித்வான் இருந்தார். கோயில் திருவிழா, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போய் வாசித்துக் குடும்பம் நடத்தியவர். சிவாஜி கணேசன் திரையில் நாகஸ்வரத்தை உதட்டில் வைத்ததும் அவர் என்னிடம், "முகத்தைப் பார்க்காதே, கழுத்தைப் பார்" என்றார். பார்த்தேன். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மார்பு ஏறுகிறது. ராகத்தை நீட்டி வாசிக்கும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறது. விரல்கள் துளைகளின்மேல் தடுமாறாமல் ஓடுகின்றன. வாசிப்பு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜி ஊதவில்லை என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் வாழ்நாள் முழுவதும் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை நாக்கில் நனைத்த ஒரு மனிதர் அதைத் தன் தொழிலாக ஏற்றுக்கொண்டார். அதைவிடப் பெரிய விருதை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் படத்தில் என்னை இன்றும் இழுப்பது காதல் கதை இல்லை. ஒரு கச்சேரிக் குழு எப்படி வாழ்கிறது என்பதுதான். அதில் தவில்காரராக வரும் டி.எஸ். பாலையா பேசும்போதும் அவர் உடம்பில் தாளம் இருக்கும். இரண்டாம் நாகஸ்வரமாக வரும் ஏ.வி.எம். ராஜனின் பணிவு, ரயிலில் எல்லோரும் ஒரே பெட்டியில் அடைந்து பயணம் போவது, அடுத்த ஊரில் மரியாதை கிடைக்குமா என்ற கவலை, இவையெல்லாம் தொழிலிலிருந்து வந்தவை. குறையையும் சொல்லிவிடுகிறேன். மைனர், மகாராஜா என்று வில்லன்கள் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கியதும் படம் தொய்கிறது. மதன்பூர் மகாராஜா பகுதியை வெட்டி எறிந்தாலும் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் 'நலந்தானா' பாடலை மட்டும் தொடாதீர்கள். காயத்தோடு வாசிக்கும் கலைஞனிடம் நடனமாடுபவள் ஊரார் முன்னிலையில் நலம் விசாரிக்கிறாள். இருவருக்கும் தொழிலே மொழி. அதனால்தான் அந்த விசாரிப்பில் ஒரு சொல்கூட மிகையாகத் தெரிவதில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 1978இல், மகேந்திரன் தன் முதல் படமாக 'முள்ளும் மலரும்' எடுத்தார். உமாசந்திரனின் நாவல். ரஜினிகாந்த் நடித்த படங்களில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். காளி மலைப்பகுதி மின் நிலையத்தில் விஞ்ச், அதாவது சரிவில் கம்பியால் இழுத்து ஏற்றி இறக்கும் வண்டி, இயக்குபவன். அந்தக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் வரையில் அவன் ராஜா. ஊர்க்காரர்களை அதில் ஏற்றிவிடுவது அவனுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம். புதிதாக வந்த இன்ஜினியர் விதியைக் காட்டி அதைத் தடுக்கும்போது அடிபடுவது வேலை மட்டும் இல்லை, அவன் நிமிர்ந்து நடந்த காரணமே அடிபடுகிறது. பிறகு கையை இழக்கிறான். கை போனவுடன் விஞ்சும் போகிறது. தங்கை வள்ளியின்மேல் அவன் வைத்திருக்கும் மூர்க்கமான பாசம் ஏன் அப்படி முறுக்கிக்கொண்டது என்பது, அவன் வேலை நமக்குத் தெரிந்திருப்பதால்தான் புரிகிறது. கடைசியில் தங்கையை அந்த இன்ஜினியருக்கே விட்டுக்கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். சமரசம் செய்துகொண்டும் தோற்காத மனிதனை அந்த ஒரு வசனம் நிறுத்திக் காட்டுகிறது. 'செந்தாழம் பூவில்' பாடலைப் படமாக்கப் பணமில்லாமல் நின்றபோது கமல்ஹாசன் கைகொடுத்தார் என்று மகேந்திரனே சொல்லியிருக்கிறார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவில் அந்த மலைப்பனியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த உதவி நினைவுக்கு வரும்.

பாலு மகேந்திரா என்றதும் 'வீடு'. 1988இல் வந்தது. இதைப் பற்றி மட்டும் நடுநிலையாக எழுத எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். அப்படித்தான் பார்த்தோம். அப்போது அப்பா கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். படத்தில் அர்ச்சனா நடித்த சுதா வேலைக்குப் போகிற சாதாரணப் பெண். இருப்பதையெல்லாம் திரட்டி, கடனும் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். மனு, அனுமதி, அஸ்திவாரம், மழை, மேஸ்திரி, சிமென்ட். படம் முழுக்க இவ்வளவுதான். ஒப்பந்தக்காரர் சிமென்டைத் திருடுகிறார் என்று சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் இடத்தில் அப்பா நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்துவிட்டார். அதன்பிறகு தாத்தா வரும் காட்சி. பழைய நாடக நடிகர் சொக்கலிங்க பாகவதர் அந்த வேடத்தில். பாதி எழும்பிய வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். கூரை முடியவில்லை, பூச்சு இல்லை. ஒவ்வோர் அறையாக நடந்து செங்கல் சுவரைத் தடவிப் பார்க்கிறார். குழந்தையின் தலையைத் தடவுவது போல இருக்கும். அங்கே வசனம் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்த முதியவர் இறந்துபோகிறார். படம் முடிந்ததும் அப்பா ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனார். இருட்டும் வரை அங்கே இருந்து, மூட்டைகளை எண்ணிவிட்டுத் திரும்பினார்.

அர்ச்சனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. என்னைக் கேட்டால் அதில் நடித்த செங்கலுக்கும் ஒரு பங்கு உண்டு.

என் கணக்குக்குள் அடங்காத படங்களும் உண்டு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வைத்து மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' (1979) அப்படிப்பட்டது. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு ஊரில் பெரிய மனிதர். கத்தவில்லை, கத்தி எடுக்கவில்லை. வீட்டுக்குள் மனைவியை மெல்ல மெல்லச் சாகடிக்கிறார். கடைசியில் ஊரே சேர்ந்து அவரை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. உங்களையெல்லாம் என்னைப்போல மாற்றிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான் என்ற பொருளில் பேசிவிட்டு இறங்குகிறார். கரையில் குழந்தைகள் ஓடிவருகின்றன. தமிழில் இதற்கு இணையான முடிவு எனக்குத் தெரிந்து இல்லை.

'அந்த நாள்' (1954) பற்றி எல்லோரும் பாட்டே இல்லாத படம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எஸ். பாலச்சந்தர் அதில் செய்த பெரிய காரியம் வேறு. சிவாஜியை முதல் காட்சியிலேயே சுட்டு வீழ்த்திவிட்டு, அவன் தேசத்துரோகி என்று பிறகு காட்டினார். தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் எதிரிக்கு உளவு சொல்லும் ரேடியோ இன்ஜினியர். தொழிலில் பட்ட அவமானம் ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று 1954லேயே கேட்டிருக்கிறார்கள். கடைசிப் பகுதியின் தேசபக்திப் பேச்சு நீளம்தான். யார் சுட்டது என்பதை நான் சொல்லமாட்டேன், பாருங்கள்.

இனி வம்புக்கு வருகிறேன். 'நாயகன்' (1987) மகத்தான படம். பி.சி. ஸ்ரீராமின் ஒளியும் தோட்டா தரணியின் தாராவி அரங்கமும் இன்னும் பாடம். ஆனால் எனக்கு அந்தப் படத்தின் உயரம் முதல் பாதியோடு சரி. வேலு நாயக்கர் வயதாகி, மகள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் படம் தன்னைத்தானே விளக்க ஆரம்பிக்கிறது. அதற்காக அதைக் குறைத்துச் சொல்லவில்லை. வருத்தம் அதன் வாரிசுகள்மேல். நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியைப் பேரன் கேட்க, பதில் தெரியாமல் விழித்த தாத்தாவை மணிரத்னம் காட்டினார். பின்னால் வந்தவர்கள் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

'அன்பே சிவம்' (2003) பற்றி நான் சொல்லும் கருத்துக்காக நண்பர்கள் என்னோடு பல நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். வெள்ளத்தில் மாட்டிய இரண்டு பேர் பஸ், ரயில் என்று ஊர் திரும்பும் பகுதி அற்புதம். கமல்ஹாசனும் மாதவனும் அதில் நடிக்கவே இல்லை, வாழ்கிறார்கள். ஆனால் கடந்தகாலக் கதை வந்ததும் முதலாளி, முதலாளியின் மகள், தொழிற்சங்கக்காரன் என்று பழைய அச்சில் வார்த்த பொம்மைகள் வருகின்றன. தொழிலாளிகளைப் பற்றிப் பேசும் படத்தில் தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலையைக் கொஞ்சமும் காணோம். திரையரங்கில் கைவிடப்பட்ட படம் என்ற பரிவினால் நாம் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் போடுகிறோம் என்பது என் எண்ணம். அதே கமல் நடித்த 'மகாநதி' (1994) எனக்கு இதைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் அதை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது. எனக்கு மகள் பிறந்த பிறகு, அப்பன் தன் மகளைக் கல்கத்தாவின் விபசார விடுதியில் கண்டெடுக்கும் காட்சியை நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது.

பெண்கள் வேலைக்குப் போகும் படங்களை எண்ணினால் விரல்கள் மீந்துவிடும். 'அவள் ஒரு தொடர்கதை' (1974) வந்தபோது ஒரு பெண்ணின் சம்பளத்தில் ஒரு குடும்பமே சாப்பிடுவதைக் கே. பாலசந்தர் காட்டினார். சுஜாதாவின் அலுப்பு நிஜம், பேச்சுதான் அதிகம். ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) அதைத் தாண்டிப் போனது. ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த, முற்போக்காகப் பேசும் ஆண் அவளைப் புரிந்துகொள்ளவில்லை. அலுவலக முதலாளி அவளைப் பார்க்கும் பார்வை எப்போதும் ஒன்றுதான். இருவரில் யார் அவளை அதிகம் காயப்படுத்தியவர் என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு 'கார்கி' (2022) படத்தில் சாய் பல்லவியின் பள்ளி ஆசிரியையைப் பார்த்தபோதுதான் அந்த வரிசையில் இன்னொருத்தி வந்தாள் என்று தோன்றியது. மற்றபடி நம் நாயகிகளின் வேலை, அறிமுகக் காட்சியோடு காணாமல் போய்விடுகிறது. இது எனக்குத் தீராத கோபம்.

புதிய படங்களைப் பழிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த சில படங்களுக்கு முன்னால் பழைய படங்கள் கைகட்டி நிற்கும்.

மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) படத்தில் இரண்டு சிறுவர்கள் ரயில் பாதையோரம் சிதறிய நிலக்கரியைப் பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள். பீட்சா சாப்பிட எத்தனை கிலோ கரி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. படத்தின் பொருளாதாரம் முழுவதும் அந்தத் தராசில் இருக்கிறது. பேரன்களின் ஆசைக்காகப் பாட்டி விளம்பரத் தாளைப் பார்த்துத் தோசைக்கல்லில் பீட்சா சுட முயலும் காட்சியில் என் பக்கத்து இருக்கைப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்து, சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்தார்.

அவருடைய 'கடைசி விவசாயி' (2022) இன்னும் ஆழம். நிஜ விவசாயியான நல்லாண்டி ஐயா மாயாண்டியாக வருகிறார். படம் வெளிவருமுன்பே அவர் காலமாகிவிட்டார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்தவர்மேல் மயிலைக் கொன்ற வழக்கு விழுகிறது. நீதிமன்றத்தில் நிற்கும் அவருக்குச் சட்டம், தண்டனை எதுவும் பொருட்டில்லை. பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் ஒரு போலீஸ்காரர் போய் அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதாகிறது. அந்த முதியவர் வயலில் குனிந்து நாற்றைத் தொடும் விதத்தை எந்த நடிகரும் ஒரு மாதப் பயிற்சியில் கற்றுக்கொள்ள முடியாது. விஜய் சேதுபதி வரும் பகுதி சிலருக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கெஞ்சிப் பார்க்கச் சொல்கிறேன். ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமப்பவன். தொடக்கத்தில் நெடுநேரம் கதை என்று ஒன்றும் நகராது. மலையேறும் மனிதர்கள், டீக்கடை, வழித்துணை, மூச்சிரைப்பு. பொறுமை இழப்பவர்கள் இங்கேதான் எழுந்து போகிறார்கள். போகாதவர்களுக்கு, பின்னால் ஒரு மூட்டை சரிவில் உருண்டு அவிழ்ந்து ஏலக்காய் மலையெங்கும் சிதறும்போது நெஞ்சு பதறும். ஏனென்றால் அதைச் சுமந்து ஒரு மனிதன் எத்தனை வளைவு நடந்தான் என்று உடம்பாலே தெரிந்துவிட்டது. நிலம் வாங்குவது ஒன்றே கனவாக வாழ்ந்தவன், கடைசியில் தன் நிலத்தில் சுழலும் காற்றாலைக்கே காவல்காரனாக உட்கார்கிறான். தேனி ஈஸ்வரின் கேமரா அவனை விட்டு மேலே மேலே போகிறது. அவன் சிறிதாகிக்கொண்டே போகிறான்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் என்னை உறங்கவிடாதது கராத்தே வெங்கடேசன் நடித்த முதியவர். ஆணவக் கொலையைக் குலசாமிக்குச் செய்யும் கடமை போல, பதற்றமே இல்லாமல், சுத்தமாகச் செய்கிறார். ஒரு தொழிலாளியின் நிதானம் அவர் கையில் இருக்கிறது. அது கொலைக்குப் பயன்படுகிறது. தமிழ்த் திரை இதைவிடப் பயங்கரமான வில்லனைக் காட்டியதில்லை.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. தகிக்கும் வெயிலில் குடிகார அப்பனும் மகனும் நடக்கிறார்கள். தாகத்துக்குச் சிறுவன் ஒரு கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்துக் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கூழாங்கற்கள் இருக்கின்றன. எத்தனை முறை நடந்திருக்கிறான் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

பெரிய நாயகர்களின் படங்களைப் பற்றியும் கேட்பீர்கள். 'ஜெயிலர்' (2023) படத்தில் ஓய்வுபெற்ற ரஜினி மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு, பேரனோடு விளையாடிக்கொண்டு இருக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் பிறகு தலைகள் உருளத் தொடங்கியதும் நான் வெளியாளாகிவிட்டேன். அதே ஆண்டு வந்த 'லியோ' படத்திலும் இதே கதி. மலையூரில் காப்பிக்கடை நடத்தும் ஒரு குடும்பத் தலைவனை விஜய் அவ்வளவு அழகாகச் செய்தார். அந்தக் கடையில் நடக்கும் முதல் சண்டைவரை பயந்துகொண்டே பார்த்தேன். அவனுக்கு இழக்க ஒரு கடையும் மகளும் இருந்தார்கள். முன்கதை வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. இந்த நடிகர்களுக்குத் திறமை இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். அவர்களுக்கு ஒரு நல்ல வேலையை யாரும் கொடுப்பதில்லை.

'மெய்யழகன்' (2024) நீளம் என்று குறைசொல்லி, வெளிவந்த பிறகு பதினெட்டு நிமிடங்களை வெட்டினார்கள். கார்த்தியின் பாத்திரம் அதிகம் பேசுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரவிந்த்சாமி வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு சைக்கிள் இன்னொரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியது என்று அவன் சொல்லும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். இரவோடு இரவாகக் கார்த்தியின் வீட்டைவிட்டு ஓடுகிறவர் எதற்கு ஓடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சைக்கிள் உண்டு, அப்பா மனைக்கு ஓட்டிப்போனது.

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'கடைசி விவசாயி'யைப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் 'வீடு' பாருங்கள், முடிந்தால் அப்பாவோடு சேர்ந்து. இரண்டில் எதுவும் கிடைக்காவிட்டால் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. முதல் அரை மணி நேரம் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். ரங்கசாமி மூட்டையைத் தூக்கிய பிறகு நீங்களாக எழுந்துபோக மாட்டீர்கள்.